பேரம் பேச மறுத்த கம்பனி

விலைக்குழுவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு,

முதல் நாள் உங்கள் முன்னால் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். தலையணை உயரம் இருக்கும். பயப்படாதீர்கள். எனக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தவர் மெல்பேர்னில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரர். கட்டைத் திறக்க முதல் ஆளைப் பார் என்று அவர் எனக்குச் சொல்லித் தந்தார். ஆளைப் பார்த்து முடிந்த பிறகும் நேரம் மிச்சம் இருந்தால் கட்டைத் திற என்றார். எனக்கு நேரம் மிஞ்சினதே இல்லை. கட்டில் இருப்பதைக் கணக்குப் பிள்ளை வாசித்துச் சொல்வான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் சிட்னி செவன் ஹில்ஸில் பிஸ்கட் கம்பனியில் வேலை செய்த அத்தனை பேரும் கை உயர்த்தித் தெரிந்தெடுத்து அனுப்பின பிரதிநிதி. அந்தக் கைகள் எல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதப் பார்த்தேன், எழுத வரவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

குழுவின் வேலையை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன். தனியார் கம்பனி தன் தொழிலாளருக்குப் பென்சன் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. கம்பனி விழுந்துவிட்டால் அந்த வாக்கும் விழுந்துவிடும். அதனால் அரசாங்கம் பின்னால் நிற்கிறது. கம்பனி கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன் என்கிறது. முழுதாக அல்ல, ஒரு பகுதி. சும்மாவும் அல்ல. ஒவ்வொரு கம்பனியும் அந்தக் காப்புறுதிக்காக வருடா வருடம் பிரீமியம் கட்ட வேண்டும். எந்தக் கம்பனி எவ்வளவு கட்டுவது என்று சொல்வது நாங்கள்தான்.

கேட்க லேசாக இருக்கிறதா? இருந்து பாருங்கள். விழப்போகிறவனிடம் அதிகம் வாங்கினால் அந்தப் பாரத்தாலேயே அவன் விழுந்துவிடுவான். அவனிடம் குறைய வாங்கினால், நேராக நிற்கிறவன் வந்து, அவனுக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பான். அவன் கேட்பதிலும் ஞாயம் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவதற்குத்தான் அந்த அறையில் அவ்வளவு குளிரும் அவ்வளவு நல்ல பிஸ்கட்டும் வைத்திருக்கிறார்கள். கம்பளிச் சட்டை கொண்டு போங்கள். பிஸ்கட்டை நம்பாதீர்கள், நான் அந்தத் தொழிலில் இருந்தவள்.

விலை சொன்னதும் கம்பனிக்காரர் எல்லாரும் பேரம் பேசுவார்கள். மீன் சந்தையில் நிற்பது போல இருக்கும். ஒருவர் போன வருடத்து மழையைச் சொல்வார். இன்னொருவர் டீசல் விலையைச் சொல்வார். ஒரு மனிதர் தனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று கைச்சட்டையைச் சுருட்டியே காட்டினார். எனக்கு வந்த புதிதில் இந்த ஆட்களைக் கண்டால் எரிச்சல் வரும். டிராம்காரர்தான் அதை மாற்றினார். விலை கேட்டுக் கத்துகிறவன் அதைக் கட்ட நினைத்திருப்பவன் என்றார். தன் சட்டைப்பையில் இருந்து போகும் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் கத்துகிறான். கத்தாதவன் வந்தால் தேநீரைக் கீழே வை என்றார்.

என் காலத்தில் கத்தாதவர் ஒருவர் வந்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நாயகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவன் ஹில்ஸில் உறைய வைத்த ரொட்டி, ரோல்ஸ், இடியப்பம் செய்து கடைகளுக்குப் போடுகிற கம்பனி அவருடையது. கிரவீனில் வீடு. என்னைவிடப் பல வயது இளையவர். கோயிலில் காணும்போது அக்கா என்பார், நான் தம்பி என்பேன். எனக்குத் தெரிந்த ஆள் என்று குழுத் தலைவிக்கு முதலே சொல்லிவிட்டேன். அது ஒழுங்கு. அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்களுக்குத் தெரியாத தமிழ்க் கம்பனி ஏதும் இருக்கிறதா என்று கேட்டா. மெல்பேர்னில் இருக்கலாம், ஆனால் அங்கே என் மச்சாள் இருக்கிறாள் என்றேன். அவ எழுதிக்கொண்டா. அந்தக் கம்பனி விசயத்தில் நான் கதைக்கலாம், வாக்குப் போடக் கூடாது என்று முடிவாயிற்று. கதைக்க விட்டால் போதும், எனக்கு வாக்கு எதற்கு.

கணக்குப் பிள்ளை என்று நான் சொல்வது பிரசன்னாவை. சென்னையில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட பொடியன், எந்தக் கம்பனி எப்போது விழும் என்று கணக்குப் போடுகிற படிப்பு. நல்ல பிள்ளை, ஆனால் சாப்பிடமாட்டான். அவன் நாயகத்தின் கம்பனியைப் பார்த்துவிட்டு, நிலைமை சரியில்லை என்றான். புதிய இயந்திரம் வாங்கின கடன் கழுத்தில் நிற்கிறது. தொழிலாளரின் பென்சன் நிதியில் இருக்க வேண்டிய அளவு இல்லை. இப்படிப்பட்ட கம்பனிக்கு விலை அதிகம். ஆனால் கேட்டு வந்தால் சலுகை விலை உண்டு. சலுகை எடுத்தால் மிஞ்சுகிற காசைத் தொழிலாளரின் நிதிக்குள் போட வேண்டும். நாயகம் அதைப் பாய்ந்து எடுப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அன்று காலை நாயகம் கோட்டும் சூட்டுமாக வந்தார். பிரசன்னா முழு விலையைச் சொன்னான். பிறகு சலுகையைச் சொல்ல வாயெடுத்தான். நாயகம் கையைக் காட்டி நிறுத்தினார். முழு விலையையே கட்டுவதாக ஆங்கிலத்தில் சொன்னார். சலுகை மற்றவர்களுக்கு உதவட்டும் என்றும் சொன்னார். குழுவில் இருந்தவர்களின் முகமெல்லாம் மலர்ந்தது. வருடம் முழுக்க அழுகையே கேட்ட காதுகள் பாவம். ஒருவர் எழுந்து கையும் கொடுத்தார்.

நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். எங்கள் கோயிலில் திருவிழாவுக்குப் பிறகு சுவாமிக்குப் படைத்த பழங்களை ஏலம் விடுவார்கள். வாழைப்பழம், மாதுளம்பழம் எல்லாம் போய்க் கடைசியில் மாம்பழம் வரும். அதை எடுப்பவருக்கு மரியாதை. அதற்கு முந்தின வருடம் நாயகத்துக்கும் ஒரு பல் வைத்தியருக்கும் போட்டி. விலை ஏற ஏற நாயகத்தின் குரல் மெதுவாக, இனிமையாக வந்தது. அந்த விலைக்குக் குயின்ஸ்லாந்தில் மரத்தையே வாங்கலாம். பழத்தை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்தினார், எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்கு மேடையில் கேட்ட அதே இனிமையான குரலில்தான் இன்றைக்கு முழு விலை கட்டுகிறேன் என்கிறார்.

இதெல்லாம் என் மண்டைக்குள் ஓடும்போது மேரியின் முகமும் ஓடியது. மேரி மலேசியாவில் இருந்து வந்தவள். நாயகத்தின் கம்பனியில் ரோல்ஸ் பொரிக்கிற இடத்தில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போனவள். அந்த வருடத்தோடு வேலையை விடுவதற்கு இருந்தாள். ஒரு கிழமைக்கு முன் கடையில் கண்டபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நான் வேலைய விட்டு நின்னுக்கலாமா லா? பென்சன் காசு அங்க இருக்கும்தானே?”

குழுவில் இருக்கிறவள் வெளியில் எதுவும் சொல்லக் கூடாது. உருளைக்கிழங்கு என்ன விலை என்று கேட்டுக் கதையை மாற்றிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உருளைக்கிழங்கு விலை எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

நாயகம் முழு விலை கட்டினால் நிதிக்குப் போட அவரிடம் ஒன்றும் இராது. கம்பனி விழுந்தால் அரசாங்கம் தருவது ஒரு பகுதி மட்டும். மேரியின் முழங்காலுக்கு ஒரு பகுதி காணாது.

தலைவியிடம் மதிய இடைவேளை முடியும் வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். அவவுக்கு விளங்கவில்லை. அவரே சம்மதித்துவிட்டாரே, சலுகை எடு என்று நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்த முடியாதே என்றா. அதுவும் சரிதான். சுமக்க முடியாதவன் ஒத்துக்கொண்ட விலை விலை அல்ல, அது பேச்சு மட்டும் என்றேன். என் தொழிற்சாலை ஆங்கிலத்தில் அது எப்படி வந்ததோ தெரியாது. தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. கம்பனிக்காரரோடு தனியாகக் கதைக்கக் கூடாது, பிரசன்னாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வாக்கெடுப்பு என்றா.

நான் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு போயிருந்தேன். பாதியைப் பிரசன்னாவின் தட்டில் போட்டு, எனக்கு ஒரு விசயம் விளங்கவில்லை என்றேன். சலுகை எடுப்பதில் நாயகத்துக்கு என்ன நட்டம் என்று கேட்டேன்.

கணக்கில் நட்டம் இல்லை என்றான். பிறகு யோசித்துவிட்டு, “ஆனா பேர் வரும் ஆன்ட்டி,” என்றான். “சலுகை வாங்கின கம்பனி பேரெல்லாம் கவர்மென்ட் சைட்டில் போடணும். அது சட்டம்.”

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நாயகத்தின் மகளுக்கு மெல்பேர்னில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமாகியிருந்தது. சிட்னி முழுக்கத் தெரியும். கம்பனியே போனாலும் போகட்டும், சலுகை வாங்கினவன் என்று பெயர் வரக் கூடாது. எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை இது. காகிதக் கட்டில் எத்தனையாம் பக்கத்தில் இதைத் தேடுவது?

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வேறு ஏதும் எழுதுவார்களா என்று கேட்டேன். கம்பனி நிதிக்கு என்ன செய்தது என்று எழுத ஒரு இடம் இருக்கிறதாம். யாரும் கேட்பதில்லை, அதனால் வெறுமையாக விட்டுவிடுவார்களாம். பிரசன்னா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டான்.

“எழுதலாமே ஆன்ட்டி. தொழிலாளர் நிதிக்கு இவ்வளவு போட்டாங்கன்னு. பொய் இல்லையே, உண்மைதானே.”

இது அவனுடைய யோசனை. நான் என்னுடையது என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். புட்டு என்னுடையதுதானே.

நாயகம் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் சூட்டோடு வெயிலில் நின்றார். பிரசன்னா என் பக்கத்தில் சாட்சிக்கு நின்றான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“தம்பி, ஏன் சலுகையை வேண்டாம் எண்டனீர்?”

“தேவையில்லை அக்கா.”

“தேவையில்லையோ, பிடிக்கேல்லையோ?”

அவர் பிரசன்னாவைப் பார்த்தார். பிரசன்னா ஒரு வெள்ளை வான் வண்டியைப் பார்த்தான்.

“சம்பந்தி வீட்டுக்காரர் எல்லாம் தேடிப் பாக்கிற ஆக்கள்,” என்றார் நாயகம் மெதுவாக. “எங்கட சாதகத்தைவிட என்ர கம்பனியைத்தான் கூடப் பாத்தவை. நாளைக்குச் சலுகை வாங்கினவன் எண்டு கிடந்தால் நான் மண்டபத்தில எப்பிடி நிக்கிறது?”

“கம்பனியைப் பூட்டிப்போட்டு எப்பிடி நிப்பீர்?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் கம்பனியைப் பூட்டுகிற கதை கதைக்க நான் யார் என்று கேட்டார். உங்களுக்கு என்ன தெரியும், பிஸ்கட் அடைக்கத்தான் தெரியும் என்றும் சொன்னார். பிஸ்கட் அடைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்ல வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன். பிள்ளைகளே, அந்த அறைக்குள்ளும் வெளியிலும் உங்களை இப்படி ஏதும் சொல்வார்கள். அப்போது உங்கள் மரியாதையைக் காப்பாற்றப் புறப்பட்டீர்களோ, மேரியின் பென்சனை விட்டுவிட்டீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்க முடியாது. மரியாதை வீட்டுக்குத் தானாக வந்து சேரும்.

“போன வருசம் மாம்பழம் எடுத்தனீர் எல்லே,” என்றேன். “சாப்பிட்டனீரா?”

அவர் திகைத்தார். “இல்லை. அங்கயே வெட்டிப் பங்கு குடுத்தது.”

“ஒரு துண்டும்?”

“இல்லை அக்கா.”

“இண்டைக்கும் நீர் அந்தப் பழத்தைத்தான் எடுக்கிறீர். விலை உம்மட. பழம் உமக்கும் இல்லை. அங்க பொரிக்கிற இடத்தில நிக்கிற பெண்டுகளுக்கும் இல்லை. அவையும் உம்மட வீட்டுக் கலியாணத்துக்குத்தான் வரப்போயினம். ஆர் முகத்தைப் பாக்கிறது கஷ்டம் எண்டு யோசியும்.”

பிரசன்னா தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயருக்குப் பக்கத்தில் எழுதலாம் என்பதைச் சொன்னான். ஆங்கிலமும் சென்னைத் தமிழுமாக ஒரே மூச்சில் சொன்னான். நாயகம் கேட்டுக்கொண்டு நின்றார். கழுத்துப் பட்டியை மட்டும் கொஞ்சம் தளர்த்தினார். பிறகு மேலே போனார்.

நாங்களும் போய் இருந்தோம். எனக்கு வாக்கும் இல்லை. தலைவி தொடங்கினா. கம்பனி முழு விலைக்குச் சம்மதித்ததாகக் காலையில் சொன்னது, அதில் மாற்றம் ஏதும் உண்டா என்று கேட்டா. நாயகம் மேசையைப் பார்த்தார். சலுகை விலை எவ்வளவு என்று கேட்டார். பிரசன்னா சொன்னான்.

நாயகத்தின் முகம் சுருங்கியது.

அது எப்படி அவ்வளவு வரும் என்று கேட்டார். சலுகை என்று சொல்லிவிட்டு இவ்வளவு கேட்கலாமா என்றார். மின்சாரக் கட்டணத்தைச் சொன்னார். கோதுமை மாவின் விலையைச் சொன்னார். உறைய வைக்கிற அறையின் மோட்டார் மாற்றின செலவைச் சொன்னார். குரலில் இனிமை ஒரு துளியும் இல்லை. மேசையில் விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். காலையில் கை கொடுத்த மனிதர், இந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று என் பக்கம் குனிந்து கேட்டார். அவர் கட்டப் போகிறார் என்றேன்.

நான் தேநீரை எடுத்துக் குடித்தேன். ஆறிப் போயிருந்தது. அவ்வளவு நல்ல தேநீர் நான் அந்தக் கட்டிடத்தில் குடித்ததில்லை.

பெயர் சைட்டில் வர முதலே நாயகம் தொழிலாளரைக் கூப்பிட்டுத் தானே சொன்னாராம். நிதியில் குறை இருக்கிறது, இனிமேல் போடப் போகிறேன் என்றாராம். மேரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது அவருக்கு வேர்த்தது, உறைய வைக்கிற அறைக்குப் பக்கத்தில் நின்றும் வேர்த்தது என்றாள். மேரி அடுத்த வருடமும் கொஞ்சக் காலம் நின்றுவிட்டுத்தான் வேலையை விட்டாள். இப்போது அவளுக்குப் பென்சன் வருகிறது. கம்பனியும் நிற்கிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு. கலியாணமும் நடந்தது. சம்பந்தி சைட்டைப் பார்த்தாராம். பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததையும் பார்த்தாராம். ஒன்றும் கேட்கவில்லையாம். சோறு காணாது என்று மட்டும் குறை சொன்னாராம்.

ஆனால் அன்று எனக்கு மனம் முழுதாக ஆறவில்லை. ஒரு முறை பேரம் பேசின மனிதர் திரும்ப அந்த இனிமையான குரலுக்குப் போய்விட மாட்டார் என்பதற்கு என்ன உறுதி? உங்களுக்கும் இது வரும். விலை போட்ட பிறகு ஆளைப் பற்றிய யோசனை போகாது. நான் அந்த வருடத் திருவிழா வரைக்கும் காத்திருந்தேன்.

மாம்பழம் வந்தது. ஏலம் விடுகிறவர் ஒலிவாங்கியில், போன வருடம் எடுத்த நாயகம் அண்ணை இங்கேதான் நிற்கிறார் என்றார். எல்லாரும் திரும்பினார்கள். பல் வைத்தியர் பெர்த்துக்குப் போய்விட்டார், போட்டிக்கும் ஆள் இல்லை. ஒரு சிறு தொகையில் தொடங்கினார்கள். நாயகம் கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை. ஏலக்காரர் அவர் பெயரை இன்னொரு முறை சொன்னார். பிறகும் சொன்னார். அவர் மனைவி நிலத்தைப் பார்த்தா. அவர் சுவாமியைப் பார்த்தபடி நின்றார், கை அசையவே இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு மேரியின் பென்சனில் இருந்த சந்தேகம் எல்லாம் போய்விட்டது.

ஆனால் மண்டபம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரியாமலே என் கை மேலே போய்விட்டது. வாயில் வந்த தொகையைச் சொன்னேன். ஏலக்காரர் முடிந்தது என்று மணியை அடித்தார். கை தட்டினார்கள். நானும் பழத்தைத் தலைக்கு மேலே தூக்கினேன். பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தது.

செருப்புப் போடுகிற இடத்தில் நாயகம் பக்கத்தில் வந்தார். பழத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார், காம்புப் பக்கம் அமத்திப் பார்த்தார், மணந்து பார்த்தார், திருப்பித் தந்தார்.

“அக்கா,” என்றார், “இதுக்கு விலையைக் கூட்டிக் குடுத்திட்டியள்.”